அப்பாவின் ஹெரால்டு காருக்கு எவ்வளவு மதிப்பு எழுதுவது?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்ன காபித் தோட்டம் இருக்கிறது. அப்பா 1966-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பல வருடம் ஷெட்டிலேயே கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அப்பா காலமானார். அதற்குப் பிறகு நானும் தம்பியும் அதைச் சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டுச் சரிசெய்தோம். மொத்தம் 6,80,000 ரூபாய் ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று இணையத்தில் பார்த்தால் தேர்டு பார்ட்டி மட்டும்தான் காட்டுகிறது. ஒரு ஏஜென்ட், 40,000 ரூபாய் மதிப்பு போட்டு ஃபுல் கவர் வாங்கித் தருகிறேன், பிரீமியம் ரொம்பக் குறைவு என்கிறார். விண்டேஜ் என்று பதிவு செய்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம் என்கிறான் தம்பி. மாதம் இரண்டு மூன்று தடவை சேலம் வரை ஓட்டிக்கொண்டு போக ஆசை. கல்யாண போட்டோ ஷூட்டுக்கும் வண்டி கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஏற்காடு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். நான் சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாக மோட்டார் சர்வேயராக இருக்கிறேன். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பதுதான் என் வேலை. அதனால் பாலிசி எடுக்கிற பக்கத்திலிருந்து இல்லாமல், க்ளெய்ம் வருகிற பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. ஆர்.சி. இப்போது யார் பெயரில் இருக்கிறது? இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், இன்சூரன்ஸ் பேச்சை எடுப்பதற்கு முன்னால் அதை மாற்றுங்கள். பாலிசிதாரர் இறந்துபோனால், பழைய பாலிசி இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, இதில் எது முந்தியோ அதுவரைதான் செல்லும். அதற்குப் பிறகு அவர் பெயரில் புதுப்பித்துக்கொண்டே போகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிரீமியம் கட்டும்போது யாரும் கேட்கமாட்டார்கள். க்ளெய்ம் என்று போய் நிற்கும்போதுதான் கேட்பார்கள்.

ஆர்.சி. இன்றைய தேதியில் செல்லுபடியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முதல் 15 வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்திருக்க வேண்டும். பல வருடம் ஷெட்டில் கிடந்த வண்டி என்பதால், இது விட்டுப்போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. தற்காலிகப் பதிவு முடிந்துபோன ஒரு வண்டி திருடு போன வழக்கில், செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் ஓட்டிய வண்டிக்குக் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பேர் மாற்றத்துக்கும் புதுப்பித்தலுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எத்தனை நடை ஆனாலும் சரி, இதை முடித்துவிட்டு மேலே போங்கள்.

இப்போது அந்த 40,000 ரூபாய்க்கு வருகிறேன். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று சொல்ல ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

பல வருடத்துக்கு முன், ஏற்காடு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில், பின்னால் நகர்ந்து வந்த லாரி ஒரு ஃபியட் 1100 காரின் முகத்தில் மோதிவிட்டது. நான் போனபோது வண்டி ஓரமாக நின்றது. ரேடியேட்டர் தண்ணீர் ரோட்டில் ஓடிக் காய்ந்துபோயிருந்தது. ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் வண்டி அது. உடைந்த கிரில்லின் குரோமியத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் பெரிய அடி இல்லை. கிரில், ரேடியேட்டர், இடது ஃபெண்டர், அதற்குள் இருக்கிற ஏப்ரன், அவ்வளவுதான். பட்டறை எஸ்டிமேட் 52,000. பாலிசியில் போட்டிருந்த மதிப்பு 35,000. கணக்குப்படி அது ரிப்பேர் கேஸே இல்லை, டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம். சேத வண்டியின் விலையைக் கழித்துக்கொண்டு அவர் கைக்கு வந்தது இருபத்திரண்டாயிரம் சொச்சம். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் அந்த மதிப்பை எழுதியிருந்தார். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். விதியை மீறி ஒரு ரூபாய் கூடப் போட எனக்கு வழியில்லை. இன்றைக்கும் அந்த வளைவைத் தாண்டும்போது அவர் மடியில் இருந்த துண்டு ஞாபகம் வரும்.

நடந்தது இதுதான். பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி முழுசாகப் போனால் கம்பெனி தரக்கூடிய உச்சத் தொகை அது. ரிப்பேர் செலவு இதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். 40,000-க்கு 75 சதவீதம் 30,000. உங்கள் ஹெரால்டின் முன்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். பானெட், இரண்டு பக்க ஃபெண்டர், ஹெட்லைட் கூடு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். எஞ்சினைப் பார்க்க அதைவிட வசதியான கார் கிடையாது. ஆனால் மூலையில் ஒரு இடி வாங்கினால் அந்த முழுத் துண்டும் கோணிக்கொள்ளும். அதை நேராக்கி, இடைவெளி சரிபார்த்து, பெயின்ட் அடித்து முடிக்க 30,000 போதாது. ஆக ஒரு ஆட்டோ இடித்தாலே உங்கள் அப்பாவின் கார் காகிதத்தில் செத்துவிடும். அதோடு ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு வா என்றும் கேட்கக்கூடும்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. ஐந்து வருடத்துக்குள் இருக்கிற வண்டிக்குத்தான் வருடத்துக்கு இத்தனை சதவீதம் தேய்மானம் என்று அட்டவணை. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும், கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான் ஐ.டி.வி. அப்படி ஒத்துக்கொண்ட தொகை, டோட்டல் லாஸ் வந்தால், பாலிசி முடியும்வரை அந்த வண்டியின் சந்தை மதிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். நடுவில் தேய்மானம் என்று பிடிக்க முடியாது. 40,000 என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஏஜென்ட் தன் வசதிக்குப் போட்ட எண். நீங்கள் வேறு எண் சொல்லலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டும்.

நிரூபிக்க என்ன வேண்டும்? பட்டறை பில்கள் அத்தனையும். துண்டுச் சீட்டாக இருந்தாலும் தேதி, கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். வேலைக்கு முன், நடுவில், முடிந்தபின் எடுத்த படங்கள். அப்புறம், உரிமம் பெற்ற சர்வேயர் அல்லது மதிப்பீட்டாளர் ஒருவர் வண்டியை நேரில் பார்த்து எழுதித்தரும் மதிப்பீட்டு அறிக்கை. இதே மாடல், இதே நிலையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதற்கு இரண்டு மூன்று ஆதாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. செலவழித்த 6,80,000-ஐ அப்படியே எழுதிக் கேட்காதீர்கள். பழைய வண்டியில் போட்ட காசும் அதன் விலையும் ஒன்றல்ல. அதைச் சொன்னால் உங்கள் மனசு வலிக்கும், ஆனால் கம்பெனி மேலாளர் அதைத்தான் முதலில் சொல்வார். வண்டியைப் பார்க்காமல் நான் எண் சொல்ல மாட்டேன். கணக்குக்காக 5,00,000 என்று வைத்துக்கொள்வோம்.

பிரீமியம் எவ்வளவு ஏறும்? ஹெரால்டு எஞ்சின் 948 சி.சி. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த பழைய கட்டண அட்டவணைப்படி, சேலம் மாதிரி ஊரில், 1000 சி.சி.க்குள் இருக்கும் பத்து வருடம் தாண்டிய தனியார் காருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் மதிப்பில் 3.267 சதவீதம். 5,00,000-க்கு 16,335 ரூபாய். 40,000-க்கு 1,307. இப்போது ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி தருவதால் கேட்டுப் பேரம் பேச இடம் உண்டு. அதற்கு மேல் தேர்டு பார்ட்டி: 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணம். ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும், வரியும் தனி. வருடம் இருபதாயிரத்தை ஒட்டி வரும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டுமானால், சின்னச் சின்னச் சேதத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று 15,000 ரூபாய் வரை தானாக ஏற்கும் தொகையைக் கூட்டலாம். பழைய அட்டவணையில் அதற்கு 35 சதவீதத் தள்ளுபடி, ஆனால் 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மலையில் ஓடுகிற காருக்குச் சின்னச் சேதம்தான் அடிக்கடி வரும்.

தேர்டு பார்ட்டி மட்டும் போதாதா என்று தம்பி கேட்கலாம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அது நீங்கள் இடித்தவருக்கு. உங்கள் காருக்கு ஒரு ரூபாய் வராது. சொந்தச் சேதப் பாலிசியில் விபத்து, தீ, திருட்டு மட்டும் இல்லை. புயல், வெள்ளம், மண்சரிவு, பாறை உருண்டு விழுவது எல்லாம் சேர்ந்தே வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதை என்ன பாடு பட்டது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கார் ஓடாமல் ஷெட்டில் நின்றாலும், ஷெட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு இருக்கிறது இல்லையா? தீ, திருட்டுக்கு மட்டும் என்று ஒரு சின்ன பாலிசி உண்டு, நிறுத்தி வைத்த வண்டிக்கு அதைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். கீழே ஊரில் இருப்பவருக்குச் சரி. மண்சரிவு அதில் வராது, உங்களுக்கு வேண்டாம்.

ஃபுல் கவர் என்ற பேச்சை நம்பி, எது போனாலும் முழுசாகக் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி முழுசாகப் போகாமல் பாதி அடிபட்டால், மாற்றுகிற பாகத்தில் தேய்மானம் பிடிப்போம். பத்து வருடம் தாண்டிய வண்டியில் இரும்புப் பாகத்துக்குப் பாதி, ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதி. கண்ணாடிக்குப் பிடிப்பதில்லை. தேய்மானமே பிடிக்காத, ஜீரோ டெப் என்கிற கூடுதல் கவரை இவ்வளவு பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். ஆனால் கூலிக்குத் தேய்மானம் கிடையாது! ஹெரால்டுக்குப் புதுப் பாகம் கிடைப்பதும் அரிது, தட்டி நிமிர்த்துவதுதான் வழி. அதனால் பழைய கார்க்காரருக்கு இந்த விதி கைகொடுக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். வரியை விட்டுவிட்டு பில் 60,000. அதில் பாகம் 20,000, டிங்கரிங் கூலி 25,000, பெயின்டிங் 15,000. பாகத்தில் பாதி போய் 10,000 கிடைக்கும். கூலி 25,000 அப்படியே. பெயின்டிங் மொத்தத் தொகையாக இருந்தால் அதில் கால்வாசியைப் பொருளின் விலையாக எடுத்து, அதில் மட்டும் பாதியைப் பிடிப்போம். 13,125 கிடைக்கும். மொத்தம் 48,125. கட்டாயமாகக் கழிக்கிற 1,000 போக 47,125. இதே 60,000-ஐப் பட்டறைக்காரர் ‘முன்பக்க வேலை’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், எதைப் பாகம், எதைக் கூலி என்று பிரிப்பது? உங்களுக்குத்தான் நஷ்டம். பாகம் தனி, கூலி தனி, பெயின்ட் தனி என்று எழுதச் சொல்லுங்கள்.

தம்பி சொல்கிற விண்டேஜ் விஷயம். இந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு விதிகளில் இரண்டு அர்த்தம் இருக்கிறது, குழப்பமே அதனால்தான். இன்சூரன்ஸ் கட்டண விதியில் விண்டேஜ் என்றால் 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாராகி, இந்திய விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் சான்று தந்த தனியார் கார். ஒத்துக்கொண்ட மதிப்பு என்ற தனிப் பாலிசி அந்த வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. உங்கள் 1966 ஹெரால்டு அதில் வராது. ஆனால் நான் மேலே சொன்ன வழியில் ஐ.டி.வி.யைப் பேசி வைத்துக்கொண்டால், டோட்டல் லாஸில் கிட்டத்தட்ட அதே பலன்தான்.

இரண்டாவது, 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்கிற வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். இதற்கு உங்கள் கார் தகுதிதான். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிவான காருக்குத் தேர்டு பார்ட்டியில் 50 சதவீதத் தள்ளுபடி. தம்பி சொல்கிற பாதி இந்தப் பாதிதான். 2,094-ல் பாதி 1,047. இருபதாயிரம் கட்டி வருடம் 1,047 மிச்சம் பிடிக்க, வரியைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் பத்தொன்பது வருடம் ஆகும். பதிவோ பத்து வருடத்துக்குத்தான்.

பணத்தைவிடப் பெரிய விஷயம், விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடத்துக்கோ தொழிலுக்கோ ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான் அனுமதி. நீங்கள் மாதம் இரண்டு தடவை இருபது வளைவும் இறங்கி, சேலம் அஸ்தம்பட்டியில் சாமான் வாங்கி, தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப நினைக்கிறீர்கள். அந்தப் பதிவோடு அப்படிப் போய், வழியில் விபத்து என்றால், அனுமதி இல்லாத உபயோகம் என்று எழுத என் மாதிரி ஒரு சர்வேயருக்குக் காரணம் கிடைத்துவிடும். வண்டியை ஓட்ட ஆசை இருக்கிறவரை சாதாரணப் பதிவிலேயே இருங்கள். இது என் உறுதியான கருத்து.

போட்டோ ஷூட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு விட வேண்டாம். தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு விடுவது அடியோடு விலக்கப்பட்டது. உங்கள் தோட்டத்துக்குள்ளேயே நின்று படம் எடுத்துக்கொண்டாலும், காசு கைமாறிய நாளில் ஏதாவது ஆனால் சொந்தச் சேதம் கிடைக்காது. ரோட்டில் யாருக்காவது அடிபட்டால் இன்னும் மோசம். கம்பெனி அவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க உத்தரவு வாங்கலாம். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பிரியமாக ஓட்டிக்கொண்டு போவதில் தடை இல்லை. கோடை விழாவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதிலும் தடை இல்லை. பேரணி என்று போனால் மட்டும், முன்கூட்டியே கம்பெனியிடம் சொல்லி, பேரணிகளுக்கான 31-ஆம் எண் எண்டார்ஸ்மென்டை, அதாவது பாலிசியோடு சேர்க்கிற கூடுதல் ஒப்புதலைக் கேளுங்கள். வேகத்துக்கு நேரம் பார்க்காத பேரணிதானே என்று நினைக்கலாம். பாலிசியில் பந்தயத்துக்கு இருக்கிற விலக்கைக் காட்டுகிறவரிடம் அந்த வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருப்பதைவிட ஒரு காகிதம் வாங்கிவிடுவது சுலபம்.

மலைக்காக இன்னும் ஒன்று. அடிபட்ட வண்டியை இழுத்துவருவதற்கு வழக்கமான பாலிசியில் 1,500 ரூபாய்தான். ஏற்காட்டிலிருந்து ஹெரால்டைக் கட்டி இழுத்துவரக் கூடாது, ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் இறக்க வேண்டும். 1,500-க்கு யாரும் வரமாட்டார்கள். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி இந்த வரம்பை உயர்த்திக்கொள்ளலாம், கேட்டு வாங்குங்கள். பிரேக்கையும் சொல்லியாக வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக் சூடாகித் தோற்று சுவரில் மோதினால் மோதிய சேதம் பாலிசியில் வரும், தோற்றுப்போன பிரேக் வராது. வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனையும் இருக்கிறது. ஆகவே பிரேக் வேலை செய்த பில்லைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே போய் எடுப்பது? இணையம் வேண்டாம். அரசுத் துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல். சேலத்தில் அவற்றின் கிளைக்குக் கோப்போடு நேரில் போய் மேலாளரைப் பாருங்கள். ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் போங்கள். தனியார் நிறுவனங்களிலும் கேளுங்கள். பாலிசி இடைவெளி விழுந்த வண்டி என்பதால் ஆய்வுக்கு ஆள் வருவார். அவர் எழுதுகிற குறிப்பை வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இல்லாத கீறலை இருப்பதாக எழுதிவிட்டால் பிறகு அந்த இடத்துக்கு க்ளெய்ம் கிடைக்காது. பின்னால் தகராறு என்று வந்தால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

வண்டியைக் கிளைக்குக் கொண்டுபோவதற்கு முந்தைய நாள், ஒரு வேலை செய்துவிடுங்கள். பானெட்டை முன்னால் சாய்த்துவிட்டு, சேஸி எண் பொறித்த தகட்டையும், எஞ்சின் பிளாக்கில் வெட்டியிருக்கிற எண்ணையும் தேடுங்கள். புதுப் பெயின்ட் அடித்த வண்டிகளில் இந்த எண்கள் பெயின்டுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் எழுத்து எழும்பும். ஆர்.சி.யில் இருக்கிற எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் எண் பொருந்தாவிட்டால், நடுவில் எப்போதோ எஞ்சின் மாறியிருக்கிறது, அதை ஆர்.சி.யில் ஏற்றிய பிறகுதான் பாலிசி. பொருந்தினால் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து, பில்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.